காந்தம் ஒட்டாத இடம்

புதுப்பித்த பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் பெயின்ட்டைத்தான் பார்க்கிறார்கள். பெயின்ட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை, சார். பவுடர் அப்பிய முகத்தைப் பார்த்து உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நான் முதலில் கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் கிடக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பேன். ஈர வாடை அடித்தால் அடித்தகடு துருவேறி உளுத்துவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கும் பழைய வண்டி ஒன்றின் மேல் ஒரு கண் இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதனால்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். எழுதிக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் இஷ்டம்.

என் தொழில் வண்டி பார்த்துச் சொல்வது. பாதி ஆயுளை ஒர்க்ஷாப்பில் தகடு தட்டியே கழித்தவன். முதுகு மக்கர் செய்ய ஆரம்பித்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாங்குகிறவர்களோடு துணைக்குப் போக ஆரம்பித்தேன். சட்டைப்பையில் ஒரு காந்தம் வைத்திருப்பேன். வண்டியில் கீறல் விழாமல் இருக்கப் பழைய பனியன் துணியில் சுற்றியது. உள்ளே நிஜத் தகடு இருந்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். ஓட்டையை அடைத்துப் பட்டிப் பசை பூசியிருந்தால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். அதனால் எனக்குக் காந்தக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது.

கதவு இடுக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் பெயின்ட் பட்டிருந்தால் அவசரத்தில் அடித்த வேலை. போய் இறங்கியதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிக் கிடந்தால் கிளம்பாத எஞ்சினை உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். கடைசியாக, சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். அங்கே தார் மாதிரி கருப்புப் பூச்சு புதிதாக மினுமினுத்தால் யாரும் சந்தோஷப்பட வேண்டாம். மறைக்க ஒன்றும் இல்லாதவன் அடிவயிற்றுக்கு அலங்காரம் செய்ய மாட்டான்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பார்த்துச் சொன்னவன், வண்டி வீட்டுக்குப் போகும் முதல் பயணத்தில் வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் உட்காராமல் நழுவுகிறவனை அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் சரி என்று சொன்ன எந்த வண்டியிலும் ஏறாமல் இருந்ததில்லை. ஒரு முறை சரி என்று சொல்லிவிட்டால், பிறகு அந்த வார்த்தையை மாற்றியதும் இல்லை. அந்தக் கிரீம் நிற வண்டி ஒன்றுதான் விதிவிலக்கு. அதிலும் ஏறாமல் இருந்தேனே தவிர, வார்த்தையை மாற்றவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கையின் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், கார் பார்க்க என்னைக் கூப்பிட்டார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இல்லை. கோபப்படும்படி அவர் எதுவும் செய்ததில்லை. என் மனைவி இறந்தபோது என் பெண் இரண்டு மாதக் குழந்தை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கைக்குப் பிள்ளை இல்லை. மாப்பிள்ளைதான் டாக்சி பிடித்து வந்து, குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் அவர்கள் பெண். அவரை அப்பா என்றாள், தங்கையை அம்மா என்றாள், என்னை மாமா என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவாகியிருந்தது.

வீட்டில் எல்லோரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்குப் பதினொரு வயதானபோது முகம் மாறத் தொடங்கியது. நெற்றியும் காதும் அப்படியே என் அம்மாவுடையவை. அவள் குனிந்து வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்யும். ஆசை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"பாப்பாகிட்ட சொல்லிடலாமா, மாப்ளே?"

அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். நான் எதைக் கேட்கிறேன் என்று திருப்பிக் கேட்கவில்லை.

"சொல்லணும்தான் மச்சான். எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு. ஆனா ஸ்கூல் முடிக்கட்டும். இப்போ சொன்னா பிள்ளை நொறுங்கிப் போயிடும்."

"அப்புறம் என்கூட வந்து இருப்பாளா?"

"அது அவ இஷ்டம் மச்சான். நீங்களும் நானும் சொல்ற விஷயமா அது?"

நியாயமான பதில். இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன், அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்தேன், வீட்டுக்கு வந்தேன். வந்து யோசித்தபோது ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. மாப்பிள்ளை இல்லாத வீட்டில் தங்கை தனியாக இருக்க மாட்டாள், சின்ன வயதிலிருந்தே இருட்டு என்றால் பயம் அவளுக்கு. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவாள். அப்போது எந்த எண்ணமும் கிடையாது, சார். கணக்கு சரியாக வருகிறதே என்று மட்டும் தோன்றியது.

அடுத்த மாதம் அவரே வண்டி ஆசையைக் கிளப்பினார். விற்கிறவர் ஒரு கல்யாண போட்டோக்காரர். மணமக்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு நாற்பது வருடத்து வண்டியை எங்கேயோ கொடுத்துப் புதுப்பித்து, ஸ்டூடியோ வாசலில் நிறுத்தியிருந்தார். ஓடி இரண்டு தெரு தாண்டியிருக்காது. கிரீம் நிறப் பெயின்ட்டைப் பார்த்தால் நக்கிச் சாப்பிடலாம் போல இருந்தது. போட்டோக்காரரைத் தப்பு சொல்ல மாட்டேன். வண்டி படத்தில் நன்றாக விழுகிறதா என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

அடியில் படுத்தேன். ஓட்டுபவர் பக்கம், ஸ்டியரிங் பெட்டியைச் சேஸி என்கிற அடிச்சட்டத்தோடு முடுக்கியிருக்கும் இடம். பூச்சு புதிது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. துணியைப் பிரித்துவிட்டு வெறும் காந்தத்தை வைத்தேன், கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவது மாதிரி இறங்கியது. உளுத்த சேஸியின் மேல் மெல்லிய அட்டையை ஒப்புக்கு வைத்து, பட்டியால் உருவம் கொடுத்து, தாரைப் பூசி மூடியிருந்தார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகிற வரை அது தாங்கும். இறக்கத்தில், பிரேக்கை மிதித்துக்கொண்டு, வேகமாக ஒரு திருப்பம் திரும்பினால் போல்ட்டுகள் பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும்.

வண்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் செருப்புக் கால்கள் தெரிந்தன. பொறுமையில்லாமல் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்ன மச்சான், தூங்கிட்டீங்களா?"

நான் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். மனசு படபடக்கவில்லை, வியர்க்கவில்லை. பக்கத்தில் திட்டாகக் கிடந்த தாரைக் கொஞ்சம் கிள்ளி, ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மூடினேன். நீங்கள் மேஜை மேல் வைத்திருக்கும் படத்தில் தெரிகிற ரேகை என்னுடையதுதான். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை, நேற்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். "நல்லா இருக்கு" என்றேன். எப்போதும் அந்த இரண்டு வார்த்தைதான் சொல்வேன், கூடவும் குறையவும் பேச மாட்டேன். மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். ஏறச் சொல்லி முன்கதவைத் திறந்து வைத்தார்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு மாப்ளே. இந்த சீட்ல மடங்கி உக்கார முடியாது. நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்."

"முறைன்னு ஒண்ணு இருக்கே மச்சான்?"

"நமக்குள்ள என்ன முறை?"

அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. குடும்பத்து ஆள் என்று நான் அவரை நினைப்பதாக எடுத்துக்கொண்டார். ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார்.

பின்னறைக்கு ஏன் வெள்ளையடித்தேன் என்று கேட்டீர்கள். தங்கையும் பாப்பாவும் வந்தால் தங்க வேண்டுமே, அதற்காகத்தான். ஜன்னலுக்கு வலை அடித்தேன், கொசு கடித்தால் பாப்பாவுக்குத் தடித்துப்போகும். அவள் எழுதுவதற்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி மேஜையைத் திருப்பிப் போட்டேன். அந்த வாரம் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். விடுமுறை நாள், அணைக்கட்டுக்குப் போகும் மலைச்சாலை, இறங்கி வரும்போது மூன்றாவது திருப்பம். பின்னால் வந்த வேன்காரர், சக்கரம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போனது என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அங்கேயே முடிந்துவிட்டார். பாப்பா ஆஸ்பத்திரி போகும் வழியில். அவளை அடையாளம் காட்டியது நான். உறவு என்ன என்று கேட்டார்கள், மாமா என்றுதான் சொன்னேன்.

தங்கை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் சொன்ன மாதிரியே அவளால் அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வெள்ளையடித்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். நான் சோறு வடித்து, தட்டில் போட்டு, எடுத்துக்கொண்டு போவேன். சில நாள் இரண்டு வாய் சாப்பிடுவாள். "நீயும் இல்லன்னா நான் என்ன ஆவேன் அண்ணா" என்று ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் வந்து என்னை அழைத்துக்கொண்டு வந்தபோது அடுப்பில் உலை வைத்திருந்தேன். யாராவது போய் அவளைப் பார்த்துக்கொண்டால் நல்லது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. பாப்பா அந்த வண்டியில் இருப்பாள் என்று எனக்குத் தெரியுமா என்று. இன்று காலையில் நீங்கள் கேட்டபோது, தெரியாது என்றேன். மாப்பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்தேன், அவள் மாட்டிக்கொண்டது விதி என்றேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

விபத்து நடந்த அன்று காலை தங்கை போன் செய்தாள். அவளுக்கு ஆபீஸில் விடுமுறை இல்லை.

"அண்ணா, இவர் அந்த வண்டியை எடுத்துக்கிட்டு அணைக்கட்டுக்குப் போறாராம். பாப்பாவும் கூடப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. மலை ரோடாச்சே, வண்டி தாங்குமா?"

"நான் பாத்த வண்டிதானே. தாராளமா போகட்டும்."

சமையலறையில் நின்றுதான் அதைச் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்டிருப்பாள். அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டி வரும். தெரிந்தும் எப்படி நல்லா இருக்கு என்று சொன்னாய் என்று மாப்பிள்ளை கேட்பார். இத்தனை வருடத்தில் என் வார்த்தையை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குள் பாப்பா அவளிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, எனக்கு முன் சீட்டாம்! கண்ணாடியை நானே சுத்தி இறக்கிக்கலாமாம்!"

"பெல்ட் போட்டுக்கோ."

"இதுல பெல்ட்டே கிடையாது மாமா. நீங்கதானே பாத்தீங்க, மறந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. "அப்பா கூப்பிடுறாரு, போறேன் மாமா."

இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. வாசலில் இறங்கிச் செருப்பு மாட்டுகிற நேரம். திரும்பக் கூப்பிட்டுப் பஞ்சர், பிரேக், எதையாவது சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்கள். போன் என் கையில்தான் இருந்தது. அவள் ஒரே ஒரு தடவை என்னை அப்பா என்று கூப்பிட்டிருந்தால் நான் நிச்சயம் சொல்லியிருப்பேன், சார். அந்தப் பிள்ளை கூப்பிடவில்லை. அவளுக்கு அது தெரியாதே என்று கேட்பீர்கள். தெரியாதுதான். அவளுக்கு விவரம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கே தங்கையும் மாப்பிள்ளையும் எவ்வளவோ சொன்னார்கள். காய்ச்சல், அழுகை, ஸ்கூல் என்று அப்பாவைத் தேடி வந்து நிற்பாள், அந்தத் தொந்தரவெல்லாம் எனக்கு வேண்டாம், மாமாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது நான்தான்.