மாமன் மடிக்கு ஒரு ஸ்டெப்னி

அழைப்பிதழில் பத்து மணி என்று அச்சிட்டு, பாதி நாற்காலி காலியாக இருந்தபோதே பத்து மணிக்கு மைக்கைக் கையில் எடுத்த நம் லாரி ஓட்டுநர் நலச் சங்கத் தலைவர் சந்திரசேகர் அவர்களே, தலை நரைத்தாலும் தடம் மாறாத மூத்த ஓட்டுநர்களே, நாங்கள் ஊர் திரும்பும் நாளை எண்ணி எண்ணியே நாட்காட்டி கிழிக்கும் தாய்மார்களே, தங்கைமார்களே, பரமத்தி வேலூர் பூபதியின் பணிவான வணக்கம்.

நேரம் தவறாமை பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முன்வரிசையில் முருகானந்தம் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, 'அரைமணி பூபதி' என்று எனக்குப் பெயர் வைத்தவரே நீங்கள்தானே. கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, எங்கே போனாலும் என்னை வரவேற்றவை கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள்தான். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால், "வந்துட்டே இருக்கறனுங்க" என்பேன். அதைச் சொல்லும்போது முகத்தில் சோப்பு நுரை இருக்கும்.

அப்படித்தான் ஒரு நாள், என் தங்கை சரிதாவின் மூத்த மகள் தீபிகாவுக்குக் காதுகுத்து. பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும் என்பது நம் வழக்கம். நல்ல நேரம் ஏழரை வரை. நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது ஏழு ஐம்பதுக்கு. அதற்குள் பக்கத்து வீட்டு ராசப்பன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்தி முடித்துவிட்டார்கள். நான் வாங்கிய தோடு என் சட்டைப் பையிலேயே கிடந்தது.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏனுங்ணா, லோடுக்கு ஒரு நாளாச்சும் இப்படிப் போயிருக்கீங்ளா?"

போயிருக்கிறேனா? இருபத்திரண்டு ஆண்டுகள். மழையில் ஓட்டினேன், மூடுபனியில் ஓட்டினேன், கௌஹாத்திக்கு ஓட்டினேன். ஒரு லோடு, ஒரே ஒரு லோடு, என்னால் தாமதமானது உண்டா? கிடையாது. அப்படியானால் தாமதம் என் பிறவிக் குணமா? என் ஜாதகத்தில் எழுதியதா? இல்லை ஐயா, இல்லவே இல்லை. காத்திருக்காத இடத்துக்கு முந்திப் போனேன், காத்திருந்த இடத்துக்குப் பிந்திப் போனேன். குடோன் கதவை அடைத்துவிடுவார்கள், தங்கை கதவை அடைக்க மாட்டாள். அந்தத் திமிர்தான் என் தாமதம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

லோடு என்றால் டயர் பார்க்க, தார்ப்பாய் போட, கயிறு இறுக்க என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்குவேன். விசேஷம் என்றால் சக்கரம் உருளும் நேரம் மட்டும்தான் என் கணக்கு. வேட்டி தேடும் நேரம்? பைக் சாவி தேடும் நேரம்? "எங்கீங்க கெளம்பீட்டீங்க?" என்று வழிமறிப்பவருக்குப் பதில் சொல்லும் நேரம்? அன்று முடிவெடுத்தேன், வீட்டு விசேஷமும் ஒரு லோடுதான் என்று. முந்தின மாலையே வேட்டியும் சாவியும் எடுத்து வைத்தேன். வீட்டைப் பூட்டிய பிறகே 'கிளம்பிவிட்டேன்' என்று சொன்னேன். முதல் மாதம் இரண்டு கல்யாணத்தில் தோற்றேன், மூன்றாவதில் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். என்ன முருகானந்தம், அன்று என் பக்கத்து இலை நீங்கள்தானே?

மூன்று ஆண்டு கழித்து இளையவன் வளவனுக்குக் காதுகுத்து. நல்ல நேரம் ஆறரைக்கு. தங்கை என்னிடம், "அஞ்சுக்கே வந்துருங்ணா" என்றாள். என்னை நம்பாமல் சொன்ன ஐந்து மணி அது. நான் ஐந்துக்குப் போனேன். கோயில் பூட்டியிருந்தது, படியில் உட்கார்ந்தேன். பொழுது விடிந்த பிறகு வேன் வந்து நின்றது. குடும்பம் இறங்கியது, பின்னாலேயே இஸ்திரி போட்ட வேட்டியில் ராசப்பனும் இறங்கினார். வண்டிக்கு நாம் மாற்றுச் சக்கரம் வைப்பது போல, என் தங்கை எனக்கும் ஒரு ஸ்டெப்னி கொண்டுவந்திருந்தாள்.

சரிதா என்னைப் பார்த்தாள், பூட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு ராசப்பனிடம் திரும்பி, "நீங்க செத்த உக்காருங்ணா. எங்கண்ணன் எனக்கு முன்னயே வந்திருச்சுங்க" என்றாள்.

இருபத்திரண்டு ஆண்டில் எந்த முதலாளியும் எனக்குத் தராத பரிசு அது. வளவன் என் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதான். "அழுவாத சாமி" என்று சொல்லிக்கொண்டே நானும் அழுதேன். ராசப்பன்தான் எங்கள் இருவருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

தோழர்களே, மூவாயிரம் கிலோமீட்டரை நேரத்துக்குக் கடக்கும் நம்மால் மூன்று தெருவைக் கடக்க முடியாதா? முடியும். மலைப்பாதையை வென்ற நம்மால் மண்டபத்து வாசலை வெல்ல முடியாதா? முடியும். பழகியதுதானே தாமதம், மாற்றிப் பழகினால் அதுவும் போகும். நாம் உட்கார வேண்டிய இடத்தில் இனி எந்த ஸ்டெப்னியும் உட்கார வேண்டாம்.

தலைவர் எனக்குத் தந்தது பத்தரை வரை. இப்போது பத்து இருபத்தெட்டு. இன்று இங்கே நான் வந்தது ஒன்பதே முக்காலுக்கு. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கை சரிதா வந்தது பத்தேகாலுக்கு. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். மீதமுள்ள இரண்டு நிமிடத்தை இந்த மேடைக்கே திருப்பித் தந்து, கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி அமர்கிறேன், வணக்கம்.