நன்றிப் பட்டியலில் ரஷ்யா

கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் பனி கொட்டிக்கொண்டிருந்த பின்னேரம், பஸ்ஸில் எனக்கு முன்னால் ஓர் ஆர்மேனிய அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. பேசியது பிரெஞ்சு. எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன்.

"முதல் நன்றி ஈரானுக்கு," என்றான் அவன். ஆர்மேனியாவுக்கு உதவிய நாடுகளுக்கு அன்று தங்கள் சமூக மண்டபத்தில் அவன் நன்றியுரை வாசிக்க வேண்டுமாம்.

"ஈரானுக்கோ? உனக்கென்ன விசரே, அண்ணை?"

"துருக்கியும் அசர்பைஜானும் எல்லையைப் பூட்டி வைச்சிருக்கேக்க, தங்கட பக்கத்தைத் திறந்து விட்டவங்கள் அவங்கள்தானே."

"ஜார்ஜியா?"

"அதுவும் இருக்கு. எங்கட லொறியெல்லாம் அதாலதானே போகுது."

"ரஷ்யா?"

அவன் கையிலிருந்த உரைத் தாளைப் பார்த்தான். "அப்பா முன்வரிசையில இருப்பார். ரஷ்யாவை விட்டால் என்னை வீட்டுக்குள்ளயே எடுக்கமாட்டார்."

"காப்பாத்த வாறம் எண்டு கையெழுத்து வைச்சவை. அடி விழேக்க வந்தவையோ?"

"இல்லை."

"பேந்தென்ன நன்றி?"

பெரிய நாடுகளின் வாக்கைப் பற்றிச் சொல்ல என்னிடமும் நல்ல தூஷணங்கள் உண்டு.

அவன் பேனையை எடுத்து அந்தப் பெயரை அழுத்தி வெட்டினான். "அப்பா கத்தேக்க நீ பக்கத்தில நில்."

"நிக்கிறன்."

"மெர்சி, தங்கச்சி," என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னான்.

மண்டபத்தடியில் இறங்கும்போது இருவரும் டிரைவருக்கும் மெர்சி சொன்னார்கள்.

"அண்ணை," என்றாள் அவள், "இந்தப் பனிக்குள்ளயும் சொன்ன நேரத்துக்கு வந்த மனுசன். வெட்டின இடத்தில இவரைப் போடு."