தென்னந்தோப்பில் பறந்தவர்

கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். தியேட்டர் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற சூப்பர் ஹீரோ கட்-அவுட்டைப் பார்த்ததும் இளையவள் சொன்னாள்:

"படத்துல பறக்குறது இந்தாளு இல்லக்கா. எங்க வீட்டுக்காரக."

மூத்தவள் திரும்பினாள். "தேங்கா வெட்டுறவுகளா பறந்தாக?"

"ஆமாக்கா. நம்ம தோப்புலதான எடுத்தாக. நாலு படமா உலகத்தைக் காப்பாத்துன ஆளுக்கு ஏணியில மூணாவது படியிலயே காலு நடுங்கிருச்சு. அப்புறம் இவுகளுக்கு அந்தச் சட்டையை மாட்டி, கயித்துல கட்டி, மரத்துக்கு மரம் பறக்க விட்டாக. அந்தாளு கீழ நாற்காலியில உக்காந்து, ஃபேன் காத்துல மூஞ்சியை மட்டும் காட்டுனாரு. இவுக இடுப்புல கயிறு அறுத்த தழும்பு இன்னும் கெடக்கு."

"ஊருக்குள்ள சொல்ல வேண்டியதுதான?"

"யாரு நம்புறா? படம் வந்த அன்னைக்கு ரசிகர் மன்றத்து ஆளுக வீடு தேடி வந்தாக. இவுகளுக்கு மாலை போடத்தான் வாராகன்னு நெனச்சேன். கட்-அவுட்டு தலையில பால் ஊத்தணுமாம், அம்புட்டு உசரம் ஏற ஆளு இல்லையாம்."

"ஏறுனாகளா?"

"குடத்தோட ஏறி ஊத்திட்டுத்தான் எறங்குனாக. அதோட விட்டாகளா? படம் முடிஞ்சு வெளிய வரயில இவுக கண்ணெல்லாம் கலங்கி, என் கையைப் புடிச்சு, 'நம்ம தலைவரு எப்படிப் பறக்குறாரு பாத்தியா'ங்குறாக."