இருபத்தேழு பேருக்கு ஒரு ஜோடிக் கண்

பகல் இரண்டேகால் மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் நீளமான மதில், மறுபக்கம் தண்டவாளம். ஈ காக்கை கிடையாது... ஒரே ஒரு ரொட்டி வேன் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

என்ன, பேய்க் கதை பகலிலா என்று பார்க்கிறீர்களா? வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் எல்லாம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்லத் தெரியும். குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் பெண்டாட்டி சொல்வாள், அது உண்மைதான்.

இந்த ரயில் நிலையத்தில் நாம் எட்டுப் பேர் ராத்திரியெல்லாம் குளிரில் ஒடுங்கிக்கொண்டு கிடக்கிறோம். ஏன்? பீரங்கி ஏற்றிய வண்டிகள் முதலில் போக வேண்டுமாம். அதைப் பார்த்துவிட்டுத்தானே இந்தத் தம்பி, “ஒரு தடவை நல்லா போட்டாத்தான் அவனுங்க அடங்குவானுங்க” என்று சொல்லிச் சிரித்தார்? தம்பி, நீங்கள் இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது உங்களுக்குத்தான்.

படத்துக்குச் சட்டம் போடுவது என் தொழில். என் கடைக்கு அடுத்தது ஸ்டுடியோ. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஸ்டுடியோக்காரன் என் சிநேகிதன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பான், அதனால் அவனுக்கு லென்ஸ் என்று பெயர். அந்த ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டு போனது லென்ஸின் தங்கை புருஷன். லென்ஸ் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவான், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். தங்கமான பையன். ஆறு வயதில் ஒரு மகன். பிள்ளை என்றால் மாப்பிள்ளைக்கு உயிர்.

அன்றைக்கு அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருக்கிறான்... திடீரென்று சாலை காணாமல் போய்விட்டது. கண் இருட்டவில்லை. வேறொரு இடம் தெரிகிறது. சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு பெரிய குழாய். வரிசையாகக் குடங்கள். செருப்பெல்லாம் தண்ணீரில் நனைந்திருக்கிறது. தூரத்தில் நான்கு பேர், முகத்தில் துணி கட்டியிருக்கிறார்கள். டப்... டப்... டப். காய்ந்த சத்தம். முன்னால் நின்ற பொம்பளையின் பின்மண்டை பிய்ந்து இவன் வாயில் தெறிக்கிறது. அந்த உப்பு ருசி கூடத் தெரிந்ததாம். அடுத்தது இவன் தொண்டை. ஈர சிமெண்ட்டில் முகம் படக் கிடக்கிறான். கண்ணுக்கு நேரே யாரோ ஒருவருடைய பல், வேரோடு.

முடிந்தது என்று நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து... இன்னொரு ஆளாக. பிறகு மூன்றாவது ஆளாக. பார்வை திரும்பியபோது வேன் மதிலுக்குள் பாதி புகுந்திருந்தது. சூடான ரொட்டிகள் தண்டவாளம் வரைக்கும் சிதறிக் கிடந்தன. இவன் உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை.

இதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் போர் நடந்தபோது தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் விடுவார்கள், பகல் இரண்டு மணிக்கு. ஒரு நாள் அந்தப் பக்கத்து ஆட்கள் வரிசையில் நின்றபோது நம் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் வந்து சுட்டார்கள். இருபத்தேழு பேர். கிழவன், கிழவி, இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவள், எல்லாரும். நம் பக்கம் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக மாற்றியா சொல்ல முடியும்?

பன்னிரண்டு வருடம் கழித்து, அந்த நாளில் நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று கிளம்பியது ஒரு டீச்சர். நம் பக்கத்து அம்மாதான். அவர் மகனைக் கொன்றது அந்தப் பக்கம். இருந்தும் வீடு வீடாகப் போய் இரண்டு பக்கத்தையும் ஒரே மண்டபத்துக்குக் கூப்பிட்டார். “பழி வாங்கறதுக்கு இல்ல, இதோட நிறுத்தறதுக்கு” என்றார். நம் ஆட்கள் அவர் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அவர் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

இருபத்தேழு பேருக்கும் பெரிய படம் வேண்டும். ஆனால் படம் ஏது? வீடெல்லாம் எரிந்துவிட்டது. பிணவறையில் நெஞ்சில் நம்பர் வைத்து எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். டீச்சர் அதைக் கொண்டுவந்து லென்ஸிடம் கொடுத்தார். “ரத்தத்தைத் துடைச்சிடுங்க. கண்ணைத் திறந்து வைங்க. அவங்க நம்மைப் பார்க்கணும்” என்றார்.

ஒன்பது நாள்தான் இருந்தது. இருபத்தேழு முகத்துக்கும் தனித்தனியாகக் கண் வரைய எங்கே நேரம்? இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் லென்ஸும் செய்தான். நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்திலிருந்து ஒரு ஜோடிக் கண்ணை வெட்டி எடுத்துக் கம்ப்யூட்டரில் எல்லா முகத்திலும் ஒட்டினான். பொம்பளைக்குக் கொஞ்சம் மை, குழந்தைக்குக் கொஞ்சம் சின்னதாக. யாருக்கும் தெரியாது. எந்தப் படத்திலிருந்து எடுத்தான்? தங்கை கல்யாணப் படம். மாப்பிள்ளைக்கு நல்ல பெரிய கண்.

ஒரு நாளைக்கு மூன்று படம். அச்சாகி வந்ததும் நான் சட்டம் போட்டு சுவரோரம் சாய்த்து வைப்பேன். தினமும் இரண்டேகாலுக்கு மாப்பிள்ளை மூன்று தடவை செத்தான். ஒரு நாள் வயிற்றில் வாங்கிக்கொண்டு கால் மணி நேரம் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் குண்டு தீர்ந்துபோய் துப்பாக்கிக் கட்டையால். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும், இவன் கூடத்துத் தரையில் கிடந்து துடிப்பான்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்து எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னான். லென்ஸ் முகம் வெளுத்துவிட்டது. கண்ணை எடுத்த விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை சுவரோரம் இருந்த ஒன்பது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் அவன் கண். ஒன்பது பேரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

“மாப்பிள்ளை, நீங்க போர்ல லாரிதானே ஓட்டினீங்க?” என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

அவன் என்னை விட்டுவிட்டு லென்ஸ் பக்கம் திரும்பினான். “எடுத்துடுங்க மச்சான்” என்று லென்ஸிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

லென்ஸ் உடனே ஒன்பதாம் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேஜையில் போட்டு பிளேடை எடுத்தான். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் பிளேடை வைத்து ஒரே ஒரு இழுப்பு... காகிதம் கிழிகிற சத்தம் கேட்கவில்லை. தோல் கிழிகிற சத்தம் கேட்டது. கறிக்கடைக்குப் போகிறவன் நான், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மேஜையிலிருந்து ஈர இரும்பு வாசனை. இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. தங்கை அலறுகிறாள். வீட்டு வாசலில் வந்து நின்ற மனுஷனுக்கு வலது இமை மேலிருந்து கீழே பிளந்து ரத்தம் கொட்டுகிறதாம்.

அதற்குப் பிறகு யாருக்குத் தைரியம் வரும்? கம்ப்யூட்டரில் அழித்தால் இரண்டு கண்ணும் போய்விட்டால்? கிழிந்ததைப் பின்னால் காகிதம் ஒட்டிச் சரிசெய்தோம், மற்ற படங்கள் அப்படியே இருந்தன. டீச்சரிடம் சொல்லலாம் என்றால் எந்த வாயால் சொல்வது? மிச்சப் படங்களும் வந்துகொண்டே இருந்தன, நான் சட்டம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

எட்டாம் நாள் ராத்திரி மாப்பிள்ளை தன் பெண்டாட்டியிடம் வாயைத் திறந்தான். அன்றைக்குப் பார்த்ததில் சுட்ட நான்கு பேரில் ஒருவனுக்கு முகத்துத் துணி அவிழ்ந்துவிட்டதாம். இருபது வயதுப் பையன். பல்லைக் கடித்துக்கொண்டு சுடுகிறான். அது வேறு யாருமில்லை, இவன்தான். லாரியும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அத்தனை வருடமும் பொய்.

அவள் அழவில்லை. “அந்த மண்டபத்துக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு. சொல்ல மாட்டேன்னா இந்த வீட்டுல இருக்காதே, எம் புள்ளையத் தொடாதே” என்றாள். போர் முடிந்ததும் இரண்டு பக்கத்துக்கும் பொது மன்னிப்பு கொடுத்துவிட்டார்கள், கோர்ட்டு அவனை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மண்டபம்? சொன்னால் அடித்தே கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் இல்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் அவர்கள், வலப்பக்கம் நாம், நடுவில் ஆள் படுக்கிற அளவு இடைவெளி. சுவரில் இருபத்தேழு படம். இரண்டேகாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தங்கை அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வலது கண்ணில் கட்டு. நேராக நடு இடைவெளியில் போய் நின்றான்.

இரண்டேகால்.

இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள் போலிருக்கிறது. அவன் உடம்பு நின்ற இடத்திலேயே தூக்கித் தூக்கிப் போட்டது. மூக்கிலிருந்து ரத்தம். ஆனாலும் பேசினான். “பச்சைச் சட்டை போட்ட பெரியவர் முதல்ல விழுந்தாரு... அவர் பின்னால நின்னவங்க பிள்ளையக் குடத்துக்குப் பின்னால தள்ளினாங்க... குடத்தோட சேர்த்துச் சுட்டது... சுட்டது நான்தான்.” ஒவ்வொருவராக, வரிசை மாறாமல், ஒளிக்காமல் சொன்னான்.

பிறகு வெடித்தது. “கதவைச் சாத்துங்கடா” என்று ஒருவன் கத்தினான். பெண்டாட்டியையும் மகளையும் அந்த வரிசையில் பறிகொடுத்த ஒரு வெல்டர், நல்ல கட்டுமஸ்தான ஆள், இரும்பு நாற்காலியைத் தூக்கி மாப்பிள்ளையின் தோளில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. நம் ஆட்களும் பெஞ்சைத் தூக்கினார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் மறுபடியும் ஊர் எரிந்திருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன்.

டீச்சர் நடுவில் வந்து நின்றார். மைக்கைக் கூடத் தொடவில்லை. “எம் பையனக் கொன்னவன் இந்த மண்டபத்துலயே உட்கார்ந்திருக்கலாம். நான் யாரை அடிக்கட்டும், சொல்லுங்க. அடிச்சிட்டுப் போறேன்” என்றார்.

வெல்டர் இரண்டாவது தடவை நாற்காலியைத் தூக்கியிருந்தார். அப்படியே நின்றார். கீழே கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். “எம் பொண்ணு கடைசியா என்ன பார்த்தா?”

“என்னைப் பார்க்கலீங்க” என்றான் அவன். “குடம் சாய்ஞ்சு தண்ணி போகுதேன்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.”

நாற்காலி கையிலிருந்து நழுவியது. அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்து அழுத அழுகை... தம்பி, நீங்கள் ‘ஒரு தடவை நல்லா போட்டாத்தான்’ என்று சொன்னீர்களே, அது போய் விழுகிற இடம் அதுதான். இரண்டு பக்கமும் அழுதது. நானும் அழுதேன். யாரோ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொண்டுவந்தது நம் பக்கத்து ஆள்.

அப்போதுதான் லென்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தான். சுவரைப் பார்த்தேன். நான் போட்ட சட்டம், நான் மாட்டிய கண்ணாடி, உள்ளே எவனும் கை வைக்க முடியாது. இருபத்தேழு முகத்திலும் கண் மூடியிருந்தது. தூங்குகிற முகங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அன்றிலிருந்து மாப்பிள்ளைக்கு இமை மூடவில்லை. கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறான். தங்கை மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டு ஈரத்துணி போடுகிறாள். ஆனாலும் அவனை வீட்டைவிட்டு அனுப்பவில்லை.

இரண்டேகால் மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருடமாக தினமும் வருகிறது. இப்போது தெரிவது தண்ணீர் வரிசை இல்லை. ஏதோ அகலமான படிக்கட்டு, புது மாதிரித் துப்பாக்கி, அவன் பார்த்தே இராத முகங்கள். சுடுகிறவன் முகம் மட்டும் தெரிந்த முகம். இருபது வயதில் அவன் எப்படி இருந்தானோ அதே முகம். செய்த பாவம்தான் இப்படி வருகிறது என்று அவனும் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தான். ஒன்றே ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை. அந்த முகத்துக்கு மோவாயில் குறுக்கே ஒரு தழும்பு, மூன்று தையல் போட்ட அடையாளத்தோடு. இவன் மோவாயில் எந்தக் காலத்திலும் தழும்பு கிடையாது.

போன வாரம் லென்ஸ் போன் பண்ணினான். தங்கை மகன் பள்ளிக்கூட வாசலில் விழுந்துவிட்டானாம். மோவாய் கிழிந்துவிட்டதாம். எத்தனை தையல் என்று நான் கேட்கவில்லை... அவனே சொன்னான். மூன்று.