தொண்ணூறு நாள் இருப்பு

அரிசியில் வண்டு விழாமல் இருக்க வேண்டுமானால் மூட்டைக்குள் ஒரு பிடி காய்ந்த வேப்பிலையும் நாலைந்து காய்ந்த மிளகாயும் போட்டு வையுங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. கடையில் அதற்கென்று மாத்திரை விற்கிறார்கள். போட்டால் வண்டு செத்துவிடும். நாங்கள் போடுவதில்லை. சமணர்கள் நாங்கள், வண்டும் ஓர் உயிர்தானே. மீறி விழுந்துவிட்டால் நானே உட்கார்ந்து புடைத்து, வண்டுகளை முறத்தில் ஏந்திப் போய்க் கொல்லையில் பூவரச மரத்தடியில் விட்டுவிட்டு வருவேன். மூட்டைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்களும் ரைட்டரும் கொலை என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. என் தகப்பனார், என் நைனா, எப்படி இறந்தார் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். தாராளமாக எழுதித் தருகிறேன். என் கையெழுத்தும் நன்றாகவே இருக்கும்.

என் பெயர் அஜித்நாதன். திருவண்ணாமலை ரோட்டில் மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நான், என் மனைவி அனந்தி, என் நைனா பாகுபலி, மூன்றே பேர். பிள்ளைகள் இல்லை. செஞ்சிக்காரர்கள் விருந்தாளி வந்தால் கோட்டைக்குக் கூட்டிப் போய்க் கல்யாண மகாலைக் காட்டுவார்கள். நான் தானியக் களஞ்சியத்தைக் காட்டுவேன். ஏழெட்டு வருஷம் முற்றுகையைத் தாங்கிய கோட்டை இது. ராஜா ராணி கதையெல்லாம் இருக்கட்டும், தாங்கியது நெல்.

கொரோனாவில் முதல் ஊரடங்கு போட்ட அன்று எங்கள் வீட்டில் அரைக் கிலோ துவரம்பருப்புதான் இருந்தது. மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் இரண்டரை மணி நேரம் நின்றேன். என் முறை வந்தபோது பருப்பு தீர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் பயந்த மாதிரி அதற்கு முன்னால் பயந்ததில்லை. வெள்ளம் வருமுன் அணை போடு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும்தான் படித்தோம். எனக்கு அது அந்த வட்டத்துக்குள் நின்றபோதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு பின்னறையை நான் செய்து வைத்திருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்று பேருக்குத் தொண்ணூறு நாள் இருப்பு. அரிசி, பருப்பு, வேர்க்கடலை, வெல்லம், உப்பு, கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர் கேன்கள், கூடுதலாக இரண்டு சிலிண்டர், இன்வெர்ட்டர், நைனாவின் பிரஷர் மாத்திரை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் நாங்கள் சேர்ப்பதில்லை என்பதால் அழுகல் தொல்லை பாதி குறைவு. அவசர காலத்துக்கென்றே அமைந்த மதம் எங்களுடையது என்று அனந்தியிடம் வேடிக்கையாகச் சொல்வேன். மாதம் ஒரு நாள் ஒத்திகை உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கடைகண்ணிக்குப் போகாமல், இருப்பிலிருந்து மட்டும் அளந்து சமைக்க வேண்டும். அனந்தி முணுமுணுப்பாள், ஆனால் ஒத்துழைப்பாள். நைனாதான் ஒத்துழைக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் திடகாத்திரமான மனிதர். பொழுது சாய்ந்தால் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம்; அதனால் ஐந்தரை மணிக்கே இலை போட்டு, விடியும் வரைக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார். அவருடைய குறை அது அல்ல. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஃபெஞ்சல் புயல் வந்தபோது நான் கடையில் மாட்டிக்கொண்டேன். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார்களை எல்லாம் மேல் தட்டில் ஏற்றி வைத்துவிட்டு, அவற்றின் மேலேயே நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். கவலையே இல்லை. வீட்டில் இருப்பு இருக்கிறது, நாம் தயார் செய்தது வீண்போகவில்லை என்று ஒரு சந்தோஷம். தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போனால் மொட்டை மாடியில் கல்யாண வீடு போல அண்டா ஏறியிருந்தது. எதிர்வீட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தங்கராசு குடும்பம் தொடங்கித் தெருவே எங்கள் மாடியில் இருந்தது. நாற்பத்திரண்டு பேர். வேளைக்கு வேளை பொங்கல். நைனா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பின்னறை பூட்டுக்கு மாற்றுச் சாவி அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

என்ன நைனா இது என்று மெதுவாகத்தான் கேட்டேன். "ஜனம் பட்டினி கெடக்கறப்போ பூட்டு இன்னாத்துக்குடா?" என்றார். மாடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தொண்ணூறு நாள் இருப்பு முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. தெருவில் அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று சொன்னவன் முட்டாளா?

பொறுமையாக மறுபடி நிரப்பினேன். போன மே மாதம் எல்லையில் சண்டை என்று டிவியில் சைரன் ஒத்திகையெல்லாம் காட்டினார்கள் அல்லவா, அப்போது நானும் வீட்டில் ஒரு வாரத்து ஒத்திகை வைத்தேன். இரண்டாம் நாள் எடை போட்டுப் பார்க்கிறேன், அரை மூட்டை அரிசி இல்லை. தங்கராசு பெண்சாதி ரஞ்சிதம் கேட்டாளாம், தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. புயலோ சண்டையோ வெளியிலிருந்து வரும், அதற்கு முன்கூட்டியே வழி பண்ணலாம். தொட்டியிலேயே ஓட்டை இருந்தால் எவ்வளவு ஊற்றி என்ன பயன்? ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும். முதலில் பூட்டை மாற்றினேன். அதோடு போயிருக்கும், அவர் வாயை விடாமல் இருந்திருந்தால்.

மறுநாள் காலை, தங்கராசு வாசலில் நிற்கும்போது, புதுப் பூட்டைப் பார்த்துவிட்டு நைனா கத்தினார். "எனக்கே பூட்டாடா? இனிமே உன் வூட்ல ஒரு பருக்க தொட்டனா பாரு. சாவற வரைக்கும் தொட மாட்டேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வேறு யார் வீட்டிலாவது என்றால் மத்தியானத்துக்குள் கோபம் தணிந்து சோற்றில் உட்கார்ந்திருப்பார். ஆனால் எங்களிடம் சல்லேகனை என்று ஒன்று இருக்கிறது. வாழ்ந்தது போதும் என்று கண்டவர்கள் உணவைப் படிப்படியாகக் குறைத்து, மனமறிந்து உயிரை விடுகிற நோன்பு. பெரிய விஷயம் அது. இங்கே திருநாதர் குன்றில் ஐம்பத்தேழு நாள் அப்படி இருந்த சமண ஆசிரியருக்குக் கல்வெட்டே இருக்கிறது. கண்டவர்கள் கண்டபடி எடுக்க முடியாது. தீராத நோயோ தள்ளாமையோ இருக்க வேண்டும், குருவிடம் தானே போய்க் கேட்க வேண்டும், அவர் ஆராய்ந்து அனுமதி தர வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் சமண மடம் உள்ள சித்தாமூரில் இருக்கிற இரண்டு சொந்தக்காரர்களுக்கு நான்தான் போன் செய்தேன். நைனா சாகும்வரை உணவைத் துறப்பதாகச் சொல்லிவிட்டார் என்றேன். அவர் சொன்னது அதுதானே, ஒரு வார்த்தை நான் கூட்டவில்லை. குரு என்ன சொன்னார் என்று கேட்டார்கள். வடக்கே யாத்திரையில் இருக்கிறார், போனில் ஆசி வாங்கிவிட்டோம் என்றேன். அவசர காலத்தில் சில நடைமுறைகள் தளரத்தான் செய்யும்.

மறுநாள் விடிந்ததும் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நைனா ஈசிசேரில் வீம்பாக உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். எழுபது வயதுக் கிழவிகள் அழுதார்கள். அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால், 'நான் கோபத்தில் சொன்னது, எனக்குப் பசிக்கிறது' என்று எந்த மனிதன் சொல்வான்? கும்பிடு வாங்கிப் பழகியவர் வேறு. முதல் மூன்று நாள் அந்த மரியாதையிலேயே ஓட்டிவிட்டார். வடிகட்டிய தண்ணீர் மட்டும் நான் என் கையாலேயே கொடுத்தேன்.

நாலாம் நாள் கூட்டம் இல்லாத நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"போதும்டா அஜித்து. கோவத்துல சொல்ட்டேன். கொஞ்சம் கஞ்சி போடு."

"நாளைக்கு வந்தவாசிலேர்ந்து ரெண்டு வேன் வருது நைனா," என்றேன்.

நான் மிரட்டவும் இல்லை, கட்டிப் போடவும் இல்லை. அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறாம் நாள் அனந்தி முந்தானைக்குள் ஒரு டம்ளர் கஞ்சியை மறைத்து எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டேன். வாங்கிக் கீழே வைத்தேன். "அவரு நோம்பு இல்லீங்க. பசிக்குதுன்னு என் கையப் புடிச்சிக்கினாரு," என்று அழுதாள். வாக்கு கொடுத்தவரைத் தவறவைப்பது பாவம் என்று எடுத்துச் சொன்னேன். அன்றைக்கே அவளை அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். போகமாட்டேன் என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள், வாசலில் அத்தனை பேர் இருந்ததால் பிறகு விட்டுவிட்டாள். புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் விசாரித்த கஞ்சி விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பத்து நாளுக்குப் பிறகு அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. கடையில் இருந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துப் பஞ்ச நமஸ்கார மந்திரம் போட்டிருந்தேன். அவர் ஏதாவது சொன்னால் பக்கத்தில் குனிகிற எனக்கு மட்டும்தான் கேட்கும். பதினாலாம் நாள் தங்கராசு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பினான். நைனா அவனைப் பார்த்து உதட்டை அசைத்தார். 'சோறு' என்றார், 'தங்கராசு, சோறு' என்றார். என்ன சொல்றாரு என்று எல்லோரும் கேட்டார்கள்.

"வந்தவங்கள்லாம் சோறு சாப்டுட்டுப் போணும்னு சொல்றாரு," என்றேன்.

கூடமே அழுதது. சாகப் போகிற நேரத்திலும் அடுத்தவர் பசியைப் பார்க்கிறாரே என்றார்கள். கொல்லையில் பந்தி போட்டோம், அவர் பேச்சைத் தட்டக் கூடாது என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாம்பார் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. தங்கராசு மட்டும் இலையில் உட்காரவில்லை. "ஒரு வாய் குடுத்தா இன்னாங்க தப்பு?" என்று என்னிடம் கேட்டான். உங்களுக்கு இதெல்லாம் புரியாது தங்கராசு என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. அரிசி, சர்க்கரை, தேங்காய், பாதாம் கூட. அந்த வாரம் இருப்பு நூற்றுப்பதினைந்து நாளைத் தாண்டியது. நைனா கொடுத்ததெல்லாம் நைனா வழியாகவே திரும்பி வந்தது. இதை ஒரு தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு இறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு நல்ல நினைவு வந்தது. ஸ்பீக்கரை அப்போதுதான் அணைத்திருந்தேன், ஆட்கள் இன்னும் வரவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டு கஞ்சி என்றார். அடுப்பில் எனக்காக வைத்த கஞ்சி இருந்தது, பத்தடி தூரம்தான். ஒரு கரண்டி கொடுத்திருக்கலாம், யாரும் பார்த்திருக்கப் போவதில்லை. கொடுத்திருந்தால் அந்த வீட்டில் மறுபடி எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். நான் கொடுக்கவில்லை. இதை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. சப்பரத்தில் உட்காரவைத்து, பூவை இறைத்துக்கொண்டு, ஊரே பின்னால் வர எடுத்துப் போனோம். எந்த மகன் தகப்பனுக்கு அப்படிச் செய்திருக்கிறான்?

சாவுக்கு வந்த அனந்தி அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள். அடுத்தது நானா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கும் சேர்த்துத்தான் இவ்வளவும் செய்தேன்.

எழுத வேண்டியதெல்லாம் எழுதிவிட்டேன் அம்மா. ஒரே ஒரு உதவி. மணி ஐந்தே முக்கால் ஆகிறது, பொழுது சாய்ந்துவிட்டால் நான் சாப்பிட முடியாது. காலையில் கூட்டி வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை, கடைசி வரிகள் கோணலாக விழுந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். யாரையாவது அனுப்பி நாலு இட்லி வாங்கிவரச் சொல்லுங்கள். ஒரு வேளைப் பசிகூடத் தாங்காத உடம்பு இது, அப்படியே நைனாவைக் கொண்டு பிறந்திருக்கிறேன்.