நாப்பத்திரண்டாம் மனை மூலை

— உக்காருங்கண்ணே. ஏழு தடவை நின்னுக்கிட்டே திட்டு வாங்கிட்டுப் போனீங்க. எட்டாவது தடவையாவது உக்காந்து உங்க மனைப் பிளானுக்கு அப்ரூவல் சீல் வாங்கிட்டுப் போங்க.

— சீலா? அதாவது மேடம்... எல்லாத்தையும் பாத்துட்டீங்களா?

— பாத்துட்டேன். தெரு, தண்ணிக் குழாய், சாக்கடை, கரண்டு, பன்னெண்டு ஷீட்டும் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஒரு குறை கிடையாது. எங்க உங்க முதலாளியோட மாப்பிள்ளை? நிழல் மாதிரி கூடவே வருவாரே?

— காரை நிறுத்த இடம் தேடிட்டு இருக்கார். இன்னொரு தடவை பாத்துடுங்களேன் மேடம். ஒரு அவசரமும் இல்ல.

— ஐயோ சாமி! உங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு. நாளையிலேர்ந்து இந்த நாற்காலியில வேற ஆள். என்னை மாத்திட்டாங்க, தெரியாதா?

— தெரியும் மேடம். அதனாலதான் கேக்குறேன்.

— ஏண்ணே, இருபது வருஷமா மனைப் பிளான் வரையறீங்க. இந்த ஒண்ணுல மட்டும் கைக்கு என்ன வந்துச்சு? முதல் தடவை மேன்ஹோல் மூடி மேலயே தெருவிளக்குக் கம்பம். சாக்கடைக்குள்ள படிக்கப் போறாங்களான்னு கேட்டேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. ஆபீஸே சிரிச்சுது.

— அடுத்த தடவை கம்பத்தை எடுத்துட்டு மரம் நட்டீங்க. அப்புறம் முப்பதடித் தெருவை மூணடி ஆக்கினீங்க. சிகப்பு மையில வட்டம் போட்டுப் போட்டு எனக்குப் பேனாவே தீந்துபோச்சு. முதலாளி உங்களை இன்னும் வெச்சிருக்கறதே பெரிய விஷயம்.

— இன்னொரு தப்பு வந்தா வீட்டுக்குப் போன்னுட்டார். மாப்பிள்ளைதான் பக்கத்துலயே உக்காந்து, ஒவ்வொரு கோடா சரிபாத்தார்.

— அதான் இவ்வளவு சுத்தமா இருக்கு! பொண்ணு காலேஜ்ல படிக்கறா, வேலையைக் காப்பாத்திக்குங்க. அந்த சீலை இப்படித் தள்ளுங்க.

— அதாவது மேடம்... மழை விட்ட மூணாம் நாள் சைட்டுக்கு வந்தீங்களே...

— மறப்பேனா? ஜீப்பு மாட்டிக்கிச்சு. முழங்கால் தண்ணியில செருப்பைக் கையில தூக்கிட்டு நடந்தேன். ஒரு வாரம் ஜலதோஷம்.

— எந்த இடம்னு ஞாபகம் இருக்கா?

— கடைசித் தெரு, நாப்பத்திரண்டாம் மனை மூலை. எதுக்கு இப்ப அது?

— ஒண்ணுமில்ல. ஒன்பதாம் ஷீட்டுல அந்த மூலைக்கு என்ன லெவல் எழுதியிருக்குன்னு...

— உசிரை வாங்குறீங்கண்ணே. இருங்க, கண்ணாடி எங்க... ம். மெயின் ரோட்டைவிட மூணடி மேடு. அத்தனை வீட்டுச் சாக்கடையும் இந்த மூலையில சேர்ந்து, இறக்கத்துல மெயின் ரோட்டு லைனுக்கு ஓடிடும். சரியாத்தானே இருக்கு?

— கணக்கு சரிதான் மேடம்.

— ஏண்ணே... மேட்டுல எப்படி முழங்கால் தண்ணி நிக்கும்?

— நிக்காது மேடம்.

— அப்ப நிஜ லெவல் என்ன?

— மெயின் ரோட்டைவிட ரெண்டடி பள்ளம். நானேதான் அளந்தேன். பம்பு வெச்சாத்தான் சாக்கடை மேல ஏறும். பம்பு ரூமுக்கு ரெண்டு மனை போயிடும்னு முதலாளி நம்பரை மாத்தச் சொன்னார். மாத்தினேன்.

— மாத்தினேன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றீங்க! மழை பெஞ்சா மொத்தச் சாக்கடையும் கடைசி நாலு வீட்டு பாத்ரூம் வழியா மேல வருமே? அங்க குழந்தைக்குட்டி இருக்காதா?

— நாலும் வித்தாச்சு மேடம். ஒரு வீட்டுக்காரங்க கைக்குழந்தையோடதான் வந்து மனையைப் பாத்துட்டுப் போனாங்க. அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.

— நானும் சீலைக் கையில எடுத்துட்டேனே! ஏழு தடவை இந்த மேசை முன்னால நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— ஏழு தடவையும் மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னார் மேடம்.

— வாயைத் திறக்க முடியலைன்னா ஒரு ஜாடையாவது காட்டியிருக்கலாமில்ல?

— காட்டினேனே மேடம். கம்பம், மரம், மூணடித் தெரு, எல்லாம் வேணும்னே போட்டதுதான். பழைய ஷீட்டுங்களை எடுத்துப் பாருங்க. ஏழு தடவையும் நீங்க சிகப்பு மையில வட்டம் போட்டது நாப்பத்திரண்டாம் மனை மூலையில இருக்கற அந்த ஒரே மேன்ஹோலைச் சுத்தித்தான்.