எல்லாருக்கும் ஐம்பது

— இருநூத்திப் பத்து பொம்பளைங்க. அத்தனை பேருக்கும் சொல்லி வெச்ச மாதிரி ஐம்பது வயசுலதான் மாதவிடாய் நின்னுச்சா? ஒருத்திகூட கருத்தடை மாத்திரை சாப்பிடலையா? என்ன ரெஜிஸ்டர் இது, சிஸ்டர்?

— நான் எழுதின ரெஜிஸ்டர்தான், டாக்டரம்மா.

— கேட்டு எழுதினீங்களா?

— இல்ல. கேக்கல.

— எவ்வளவு கூலா சொல்றீங்க! சீக்கிரமே நின்னவங்களுக்கு கிளாக்கோமா, அதான் கண் அழுத்த நோய், வர்ற ஆபத்து கூடுதலா, ஹார்மோன் குறைஞ்சா கண் நரம்பு தாங்குமான்னு பாக்கத்தானே இந்த ஆராய்ச்சியே? ஒரு வருஷ உழைப்பு, புரியுதா?

— நல்லாப் புரியுது. நானும் முதல்ல கேக்கத்தான் ஆரம்பிச்சேன். முதல்ல வந்த பொண்ணே மாத்திரை சாப்பிட்டேன்னு வாய்தவறிச் சொல்லிட்டா. வராந்தாவுல மாமியார் பக்கத்துலயே நிக்குது. “அதான் பேரன் வரலையா”ன்னு தரதரன்னு இழுத்துட்டுப் போயிடுச்சு. கண்ணுக்கு மருந்துகூட வாங்கல. அன்னிக்கோட கேக்கறத விட்டுட்டேன்.

— அதுக்குப் பொய் எழுதுவீங்களா? நாப்பதுக்கு முன்னாடியே நின்னவளக்கூட உங்க ஐம்பத நம்பி ஆறு மாசம் கழிச்சு வான்னு அனுப்பியிருப்பேன். அவ பார்வை போனா யாரு பதில் சொல்றது, புரியுதா?

— அது என் தப்பு. ஒத்துக்கறேன். இருநூத்திப் பத்து வீட்டுக்கும் நானே நடையா நடந்து திரும்பக் கூட்டிட்டு வரேன். ஆனா அந்த வராந்தாவுல வெச்சுக் கேக்க மாட்டேன்.

— மன்னிப்பு கேட்டு எழுதிக் குடுங்க. இல்ல, வேலைய விட்டுட்டுக் கிளம்புங்க.

— எழுதவும் மாட்டேன், கிளம்பவும் மாட்டேன். கதவு இருக்கற ரூம் ஒண்ணு குடுங்க.

— ரூமுக்கு நான் எங்க போவேன்? உடம்பு சமாச்சாரம், ரெண்டு கேள்வி. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

— ஒண்ணுமில்லையா? அப்ப வாங்க வராந்தாவுக்கு.

— ஏய், கைய விடுங்க!

— உக்காருங்க. அவங்க உக்கார்ற ஸ்டூல் இதுதான். அந்தா பெஞ்சுல பதினாறு பேரு, சொட்டு மருந்து விட்டுக்கிட்டுக் கண்ண மூடியிருக்காங்க. கண்ணுதான் மூடியிருக்கு டாக்டரம்மா, காதெல்லாம் இங்கதான் இருக்கு. கேக்கட்டுமா?

— தாராளமா கேளுங்க. நான் டாக்டர், புரியுதா?

— வயசு?

— முப்பத்தொம்பது.

— கருத்தடை மாத்திரை?

— சாப்பிட்டதில்ல.

— மாதவிடாய் வருதா, நின்னுடுச்சா?

— அது... நின்னு...

— காதுல விழல, டாக்டரம்மா.

— முப்பத்தாறுல நின்னுடுச்சு... மெதுவாப் பேசுங்க. என் வீட்டுக்காரர் இன்னும் குழந்தைக்காகக் காத்துக்கிட்டிருக்காரு.